தெர்மாக்கோல் சாவடி

எங்க ஊர்ல படம் போட்டா நாயிஃபுக்குச் செருப்படி நிச்சயம். பள்ளிக்கூடச் சுவத்துல வெள்ளைத் துணி கட்டியிருப்பாங்க. அதுல அவன் மூஞ்சி வந்ததுதான் தாமதம், ரப்பர் செருப்பு, பூசணி விதைத் தோல், காலி சோடா டப்பா, கைக்கு எது சிக்குதோ அது பறக்கும். அவனும் அதே கூட்டத்துல ஒரு மூலையில உக்காந்து எத்தனை விழுதுன்னு எண்ணிக்கிட்டு இருப்பான்.

"போன படத்துக்குப் பதினாலு. இதுக்கு இருபத்தொண்ணு. நடிப்பு முன்னேறுது அக்கா"ம்பான்.

"ஆமா, அடுத்த படத்துக்குப் பூட்ஸோட வருவாங்க, தலைய பத்திரமா வச்சுக்கோ"ன்னு நான் சொல்லுவேன்.

விஷயம் என்னன்னா, அவனுக்கு எப்பவும் சிப்பாய் வேஷம். எங்க ஆளுங்க எந்தப் படம் எடுத்தாலும் அதுல ஒரு ஆக்கிரமிப்புச் சிப்பாய் வந்தே ஆகணும், அவன் இல்லாம எங்க கதைய எப்படிச் சொல்றது? நிஜ சிப்பாய் வந்து நடிச்சுக் கொடுப்பானா? நாயிஃபுக்கு நீலக் கண்ணு, செம்பட்டை முடி. அந்தப் பக்கம் பதினெட்டு வருஷம் கட்டட வேலை பார்த்து ஹீப்ருவுல திட்டுறதுக்கும் அதட்டுறதுக்கும் நல்லாக் கத்துக்கிட்டவன். ரமல்லாவுல இருந்து யாராவது கேமராவைத் தூக்கிக்கிட்டு வந்தா முதல்ல இவனைத்தான் கேப்பாங்க. இதோட பதினொரு படம். பதினொண்ணுலயும் சிப்பாய்தான்.

அந்தப் பதினொண்ணுக்கும் சட்டை தச்சவ நான். உம் வஜ்தி, அதாவது வஜ்தியோட அம்மான்னா சினிமாக்காரங்க எல்லாருக்கும் தெரியும். அந்தப் பச்சைத் துணிய மெஷின்ல வைக்கும்போதெல்லாம் ஒரு தடவை காறித் துப்பிட்டுத்தான் மிதிப்பேன். ஆனா தையல்ல குறை வைக்க மாட்டேன். அவன் தோள் அளவு எனக்கு மனப்பாடம்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்துச்சு. பெரிய ஆசையெல்லாம் இல்ல.

"ஒரே ஒரு படத்துல நம்ம ஆளா வரணும் அக்கா. பேரு இருக்கிற ஆளா. கடைசியில எழுத்து ஓடும்போது 'சிப்பாய்: நாயிஃப்'னு வருது பாருங்க, அந்த இடத்துல ஒரு பேரு இருக்கணும்."

அவன் பொண்ணு ரஹஃப் சின்னதா இருந்தப்போ அப்பாவைத் திரையில பார்த்துட்டு வீல்னு கத்திச்சு. அன்னைக்கு ராத்திரி அவன் கிட்டப் போனா அம்மா முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிக்க மாட்டான்.

இன்னொரு ஆளையும் சொல்லணும், சுப்ஹி. எங்க தெரு ரொட்டிக்கடைக்காரர். வாய் கொழுத்த மனுஷன். காலையில நாயிஃப் ரொட்டி வாங்க வந்தா, கடைக்குள்ள இருந்து ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு வெளியே வருவார். "ஐயா சிப்பாய் துரை, அடையாள அட்டை மாவுக்குள்ள விழுந்துடுச்சு, ஒரு ரொட்டிய எடுத்துக்கிட்டு என்னை விட்டுடுங்க!" தெருவே சிரிக்கும். பள்ளிக்கூட மைதானத்துல படம் போட்டா விழுற முதல் செருப்பும் சுப்ஹியோடதுதான். குறி தப்பாது. இந்த ரெண்டு பேரும் அப்படி ஒரு சிநேகம்.

நாயிஃபோட கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வண்டி ஓட்டினதே சுப்ஹிதான். அது ரெண்டாயிரத்து ரெண்டு. ஊருக்கு வெளியே, ரமல்லா ரோட்டு வளைவுல, அப்போ சோதனைச் சாவடி இருந்துச்சு. மாப்பிள்ளை வண்டி பூவும் ரிப்பனுமா போய் நின்னுச்சு. சிப்பாய் ஒருத்தன் கல்லு மேல உக்காந்து தயிர் தின்னுக்கிட்டு இருந்தான். தலைய நிமிர்த்தவே இல்ல. கையில கரண்டி, அந்தக் கையோட ரெண்டு விரலை மட்டும், ஈ ஓட்டுற மாதிரி, அப்படி ஒரு சுண்டு. திரும்பிப் போ. அவ்வளவுதான். சுப்ஹி வண்டியைத் திருப்பி ஓடைப்பாதையில விட்டார். மாப்பிள்ளை முழங்கால் வரைக்கும் சேறோட பொண்ணு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். ஆனா போய்ச் சேர்ந்துட்டான் இல்ல? அதைச் சொல்லிச் சொல்லியே பதினாறு வருஷம் சிரிச்சோம். அந்தச் சாவடியையும் பின்னாடி எடுத்துட்டாங்க.

அப்புறம் ஹாத்திம் வந்தான். நாஸரத் பையன், பெல்ஜியத்துல படிச்ச டைரக்டர். அந்தச் சாவடியைப் பத்தித்தான் படம்னான். ரெண்டு குளிர்காலம் எங்க ஊர்ல வீடு வீடா உக்காந்து எழுதினான். தண்ணி டிரம் எந்தக் கலர்? நாய் எந்தப் பக்கம் படுத்திருக்கும்? தகரக் கூரையில எத்தனை டயர் வச்சிருந்தாங்க?

"எதுக்குப்பா இவ்வளவு? சும்மா ரெண்டு கல்லை வச்சு எடுத்துட்டுப் போயேன்"னு கேட்டேன்.

"இப்பவே அங்க போய்ப் பாருங்க உம் வஜ்தி, ஒரு ஆணி கூட இல்ல. இன்னும் இருபது வருஷம் போனா அங்க சாவடியே இருந்ததில்லைம்பாங்க. உங்க பேரப்பிள்ளைங்ககூட நம்பாது. இருந்தது இருந்தபடி எடுத்து வச்சா எவன் மறுப்பான்?"

அவன் சொன்னது எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு. ஊர் மொத்தமும் வரிஞ்சு கட்டிக்கிட்டு ஞாபகத்தைக் கொண்டுவந்து கொட்டுச்சு. சுப்ஹியோட பொண்டாட்டி இன்ஸாஃப் டிரம் நீலம்னா, பக்கத்து வீட்டுக்காரி பச்சைன்னா, ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்ல. சுப்ஹி தன் பங்குக்குக் கல்யாணக் கதையை நடிச்சே காட்டினார். ஹாத்திமுக்கு அந்த ரெண்டு விரல் பிடிச்சுப்போச்சு.

"நாயிஃப், படத்துல வர்ற சிப்பாய் மாதிரி கத்தாதே. அந்த விரல் மட்டும் போதும். உன் ஞாபகத்துல எப்படி இருக்கோ அப்படியே."

நாயிஃப் பேரம் பேசினான். ரெண்டு நாள் சிப்பாயா நிப்பேன், மூணாவது நாள் நம்ம ஆளா ஒரு வேஷம் வேணும். அந்தக் கதையில யஃகூப்னு ஒரு ஆள் வெள்ளைக் காரை ஓட்டிக்கிட்டு வருவான், சாவடியில திருப்பி அனுப்புவாங்க. நாலு வரி வசனம். ஹாத்திம் சரின்னு கையைக் கொடுத்தான். அன்னைக்கு நாயிஃப் என் வீட்டுக்கு வந்து, "யஃகூப்! பேரு யஃகூப் அக்கா!"ன்னு மூணு தடவை சொன்னான். ரஹஃபுக்குப் பதினாலு வயசு அப்போ. படத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்னு அவ கிட்டச் சத்தியம் பண்ணியிருந்தான்.

சாவடிய தெர்மாக்கோல்ல செஞ்சாங்க. ஆள் உயர சிமெண்ட் கட்டைங்க எல்லாமே தெர்மாக்கோல்தான், மேல சாம்பல் பெயிண்ட், அதுல மண்ணு, கிரீஸ், கரி. ஒரு விரலால தூக்கலாம். ஆனா அதைப் பழைய இடத்துலயே ரோட்டுல வச்சு நாலடி தள்ளி நின்னு பார்த்தேன், என் கை தானா பைக்குள்ள போய் அடையாள அட்டையைத் தேடுச்சு.

வியாழக்கிழமை படப்பிடிப்புன்னு மசூதியில சொல்லியாச்சு. யாரும் பயப்பட வேண்டாம், நம்ம பசங்கதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்த்தா வியாழக்கிழமை மழைன்னு போன்ல காட்டுது. சரி, புதனே எடுத்துடுவோம்னான் ஹாத்திம். எல்லாருக்கும் போன்ல செய்தி அனுப்பினாங்க. நூறு செய்திக்கு நடுவுல எவன் பார்த்தான்? வளைவுல ஒரு பலகை வச்சோம், 'படப்பிடிப்பு நடக்கிறது'ன்னு பெரிசா. அது போதும்னு நினைச்சோம்.

புதன் காலையில வாடகைக்கு எடுத்த அஞ்சு காரு வரிசையில நின்னுச்சு. நாயிஃப் கல்லு மேல. ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கையில தயிர் கப்பு. நான் தச்ச சட்டை. ஹாத்திம் கேமராவுல கண்ணை வச்சுட்டுக் கத்தினான்.

"பலகை தெரியுது! பலகையை எடுங்க யாராவது!"

யாராவதுன்னா, அவன் பக்கத்துல நின்னது நான். ஷூட்டிங்ல தையல்காரின்னு தனியா உண்டா என்ன, எல்லாரும் எல்லா வேலையும் பார்க்கிறதுதான். நான் போய் அந்தப் பலகையைப் பிடுங்கி முள்ளுச் செடிக்குள்ள குப்புறப் படுக்க வச்சுட்டுத் திரும்பி வந்தேன். அல்லாஹ்வே, அந்தக் கையை ஏன் எனக்குக் கொடுத்தே.

கேமரா ஓடுது. முதல் கார் வந்துச்சு. நாயிஃப் நிமிரவே இல்ல. ஒரு கரண்டி தயிர் வாயில வச்சான். ரெண்டு விரல், ஒரு சுண்டு. அப்படியே அந்தத் தயிர்க்காரன்தான், பதினாறு வருஷத்துக்கு முந்தினவன். ரெண்டாவது காருக்கும் அதே சுண்டு. அப்போ அந்த அஞ்சு காருக்கும் பின்னாடி, தூரத்துல, வளைவுல ஆறாவதா ஒரு வெள்ளைக் கார் வந்து நின்னுச்சு. ஒரு பத்து வினாடி நின்னிருக்கும். அப்படியே மெதுவா பின்னால நகர்ந்து, திரும்பி, போயிடுச்சு.

"கட்! யாருப்பா அந்த வெள்ளை வண்டி? என்ன அருமையாப் பண்ணினான்!"ன்னான் ஹாத்திம்.

யாருக்கும் தெரியல. வேற ஊர்க்காரன் எவனோ பயந்து ஓடுறான்னு யாரோ சொன்னாங்க. நாயிஃப் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, தொடையில தட்டித் தட்டிச் சிரிச்சான். "பார்த்தீங்களா? நிஜ ஜனமே ஓடுது! இந்தத் தடவை செருப்பு அம்பது அக்கா, எழுதி வச்சுக்கோங்க!" நானும் சிரிச்சேன். மறைக்க மாட்டேன், வயிறு வலிக்கச் சிரிச்சேன். அப்புறம் பலகையை எடுத்து நிமிர்த்தி வச்சேன்.

பத்தரை மணிக்கு ஊர் மசூதியில ஒலிபெருக்கி போட்டாங்க. ரொட்டிக்கடை சுப்ஹி இறந்துட்டார்.

எப்படி, என்னன்னு துண்டு துண்டா வந்துச்சு. காலையில நெஞ்சுவலி. ரொட்டி வேன் குலுங்கும்னு இன்ஸாஃப் அவ தம்பியோட காரை வாங்கிக்கிட்டு, அவளே ஓட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கா. ஓடைப்பாதையில சக்கரம் சேத்துல இறங்கிடுச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போயிடுச்சு. கார் என்ன கலர்னு நாயிஃப் கேட்டான். செய்தி சொல்ல வந்தவன் வெள்ளைன்னான்.

நாயிஃப் நின்ன இடத்துலயே உக்காந்துட்டான். சாவு வீட்டுக்கு ஓடணும், ஆனா உடம்புல அந்தச் சட்டை. அவன் துணி இருந்த வேன் சாப்பாடு வாங்க டவுனுக்குப் போயிருந்துச்சு. எந்த மூஞ்சியோட அந்தச் சட்டையில தெருவுக்குள்ள நுழையறது? நான் என் கோட்டைக் கழட்டிக் கொடுத்தேன். பொம்பளைக் கோட்டைப் போர்த்திக்கிட்டு ஆலிவ் தோப்பு வழியா ஒளிஞ்சு ஒளிஞ்சு போனான் பாவி.

கொலை நடந்தா எங்க பக்கம் ஒரு முறை இருக்கு. கொன்னவன் சார்பா பெரியவங்க செத்தவங்க வீட்டுக்குப் போவாங்க. காப்பி வைப்பாங்க. கேட்டது கிடைக்கிற வரைக்கும் யாரும் கப்பைத் தொட மாட்டாங்க. நாயிஃப் அந்த முறைப்படி போகணும்னு ஒத்தைக் கால்ல நின்னான். "இது கொலை இல்லடா, விதி"ன்னு இமாம் சொன்னார். "என் கை பண்ணினது ஹஜ்ஜி. விதிக்கு விரல் கிடையாது"ன்னான். சரின்னு நாலு பெரியவங்க கூடப் போனாங்க. நானும் பின்னாடியே போய், பொம்பளைங்க பக்கம் கதவோரமா நின்னேன்.

காப்பி வந்துச்சு. யாரும் தொடல. இமாம் பேச ஆரம்பிக்கிறார், அதுக்குள்ள இன்ஸாஃப் ஆம்பளைங்க உக்காந்திருந்த அறைக்குள்ள வந்துட்டா. முறை இல்ல, ஆனா அவளை யார் தடுக்கிறது?

"நாயிஃப், நடந்தது நடந்தபடி சொல்றேன், கேட்டுக்கோ"ன்னா. "வளைவுல வண்டியை நிறுத்தினேன். நான்தான் சொன்னேன், 'ஏங்க, இது நம்ம நாயிஃபோட படமா இருக்கப் போகுது, போய்க் கேட்டுப் பார்க்கிறேன்'னு. 'படம் வியாழக்கிழமைடி, இன்னைக்குப் புதன்'னார். 'நிஜமா இருந்து நீ கிட்டப் போனா சுட்டுடுவான்'னார். அப்புறம் உன் விரலைப் பார்த்தார். 'அந்த விரலைப் பாரு இன்ஸாஃப், இது அவனேதான், தயிர்க்காரன். எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும். திருப்பு, ஓடைப்பாதையில விடு. அன்னைக்கு மாப்பிள்ளைய கொண்டுபோய்ச் சேர்த்தேன்ல'ன்னார். நான் ஸ்டியரிங்கை ஒடிச்சேன்."

சூடு கண்ட பூனைங்க நாங்க. யாருக்கும் அவர் பண்ணினது முட்டாள்தனமாத் தெரியல. நானா இருந்தாலும் திருப்பியிருப்பேன். அங்க உக்காந்திருந்த ஒவ்வொருத்தனும் திருப்பியிருப்பான்.

"கால் மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். உன் மேல எனக்கு வழக்கு இல்ல. மனுஷன் உன்னைப் பார்க்கவே இல்ல நாயிஃப். அவர் பார்த்தது அவனை. காப்பிய குடி, ஆறுது."

மன்னிச்சுட்டா, மகராசி. எனக்கு அழுகை பொங்கிட்டு வந்துச்சு. நாயிஃபுக்குக் கண்ணுல ஒரு சொட்டு வரல. கப்பை எடுத்தான், ஒரே மடக்கு, குடிச்சான். வெளியே வந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"பதினாறு வருஷமா தினம் என் மூஞ்சில முழிச்ச மனுஷன் அக்கா. அவருக்கே தெரியல."

"ஹெல்மெட், கண்ணாடி, அவ்வளவு தூரம்... எப்படிடா தெரியும்?"

"கொஞ்சம் மோசமா நடிச்சிருக்கக் கூடாதா நான்?"

கொஞ்சம் மோசமாத் தச்சிருக்கக் கூடாதா நான்?

ஹாத்திம் படத்தையே நிறுத்திடுறேன்னு அழுதான். அந்த வெள்ளைக் கார் வர்ற துண்டையாவது வெட்டிடுறேன்னான். இன்ஸாஃப் விடல. அவர் கடைசியா உசுரோட இருந்த பத்து வினாடி அதுலதான் இருக்கு, தொடாதேன்னுட்டா. அப்படியே இருக்கு. அடுத்த வருஷம் பள்ளிக்கூட மைதானத்துல போட்டாங்க. வெளிநாட்டுல எங்கெங்கேயோ கைத்தட்டினாங்களாம், பரிசு கொடுத்தாங்களாம், எங்களுக்கு என்ன. நாயிஃப் வழக்கமான மூலையில உக்காந்திருந்தான். ரஹஃப் வரல. தயிர்க் கப்பு வந்துச்சு, ரெண்டு விரல் வந்துச்சு, தூரத்துல வெள்ளைக் கார் வந்து நின்னு திரும்பிச்சு. ஒரு செருப்பு விழல. முந்நூறு பேரும் அசையாம உக்காந்திருந்தாங்க. அன்னைக்கு ஒரே ஒருத்தர் ஒரே ஒரு செருப்பை வீசியிருந்தா அவன் பழைய நாயிஃபா பிழைச்சிருப்பான்னு நான் நினைக்கிறேன். கடைசியில எழுத்து ஓடுச்சு. சிப்பாய்: நாயிஃப்.

யஃகூபா வேற ஒருத்தன் வந்தான். ஜெனின்காரன், நல்லாத்தான் நடிச்சான். அது ஏன்னு சொல்லிடுறேன். படத்துல இல்லாதது அது.

சுப்ஹிக்கு நாப்பதாம் நாள் முடிஞ்சு படப்பிடிப்பைத் திரும்ப ஆரம்பிச்சாங்க. ஹாத்திம் கொடுத்த வாக்கைக் காப்பாத்தினான். நாயிஃபை யஃகூபா உக்கார வச்சான். வேண்டாம்னு அவன் சொல்லுவான்னு நான் எதிர்பார்த்தேன். சொல்லல. அவங்க அப்பாவோட பழுப்புக் கோட்டை வீட்ல இருந்து எடுத்துட்டு வந்தான். நான் தேய்ச்சுக் கொடுத்தேன். வாடகைக்கு எடுத்த வெள்ளைக் கார். பச்சைச் சட்டையைத் தோள்ல ரெண்டு விரற்கடை பிடிச்சு லைட்காரப் பையனுக்கு மாட்டிவிட்டோம். பலகையை இந்தத் தடவை நானே கம்பியால இழுத்துக் கட்டினேன். கேமராவுல தெரிஞ்சா தெரியட்டும், எவன் சொன்னாலும் எடுக்க மாட்டேன்னுட்டேன்.

கார் வளைவுல வந்துச்சு. நின்னுச்சு. லைட்காரப் பையன் கல்லு மேல உக்காந்துக்கிட்டு ரெண்டு விரலைச் சுண்டினான். சும்மா ஒப்புக்குச் சுண்டின மாதிரி இருந்துச்சு, நாயிஃப் கால் தூசி பெறாது. இப்போ நாயிஃப் வண்டியைப் பின்னால எடுத்துத் திருப்பணும். அதுதான் காட்சி.

திருப்பல. உறுமிச்சு இஞ்சின். நேரா வந்தான்.

"நாயிஃப்!"னு ஹாத்திம் அலறினான். லைட்காரப் பையன் துப்பாக்கியைப் போட்டுட்டுப் பள்ளத்துல குதிச்சான். வண்டி அந்தச் சிமெண்ட் கட்டை மேல மோதினப்போ நாங்க எல்லாரும் பின்னால தாவினோம், தெர்மாக்கோல்தான்னு தெரிஞ்சும். சத்தமே இல்ல. கட்டை ரெண்டா ஒடிஞ்சு பறந்துச்சு. ரோடு பூரா வெள்ளை வெள்ளையா உருண்டை. அவன் நிக்காம போய்க்கிட்டே இருந்தான்.

வேனை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போனோம். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசல்ல வண்டியைக் குறுக்க விட்டுட்டு, இஞ்சினை அணைக்காம, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். வண்டி முன்பக்கத்துல ஒரு கீறல் கூட இல்ல. வெள்ளை உருண்டை நாலஞ்சு கண்ணாடியில ஒட்டியிருந்துச்சு.

"பதினோரு நிமிஷம் அக்கா."

"இறங்குடா. வீட்டுக்குப் போகலாம்."

"பதினோரு நிமிஷம்தான் அக்கா. பார்த்துக்கோங்க."

"யோவ், வண்டியை எடுய்யா! நோயாளிங்க வர்ற வழி!"ன்னு காவலாளி கத்திக்கிட்டே ஓடி வந்தான்.

நாயிஃப் அவசர அவசரமா இறங்கி, வண்டியைச் சுத்தி ஓடி வந்து, பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னான். உள்ளே யாரும் இல்ல.